பழைய காலத்து ஃபுட்பால் மேனேஜரோட கேரியரை தோண்டி எடுக்கறது எப்படி: ஹெர்பர்ட் சாப்மனை வெச்சு ஒரு வழி

ஆர்சனல் மேட்ச் பாக்கற யாரை கேட்டாலும் அந்த கிளப்போட பழைய மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன் பேர் தெரியும், எமிரேட்ஸ் ஸ்டேடியம் வாசல்ல சிலையே நிக்குது, 1930 கப், 1931 லீக், 1933 லீக்னு கடகடன்னு சொல்லிடுவாங்க. அதே மனுஷன் அதுக்கு முன்னாடி ஒரு டஜன் கிளப்ல பிளேயரா அலைஞ்சாரு, எதுலயும் பெருசா பேர் வாங்கல, நடுவுல ஃபேக்டரி வேலைக்கு போனாரு, ஃபுட்பால்லருந்தே தடையும் வாங்கினாருன்னு சொன்னா மூஞ்சியை ஒரு மாதிரி பாப்பாங்க. 1880கள்லருந்து 1930கள் வரைக்கும் இருந்த இந்த மாதிரி ஆளுங்களோட கேரியரை வீட்ல உக்காந்து நெட்லயே முக்கால்வாசி கட்டி எடுத்துடலாம், பொறுமை மட்டும் வேணும். எப்படின்னு சாப்மனையே வெச்சு சொல்றேன், வேற யாரை எடுத்தாலும் இதே வழிதான்.

முதல் வேலை, கப் லிஸ்ட்டை தூக்கி ஓரமா வைங்க. ஒரு எக்செல் ஷீட்ல ரெண்டு காலம் (column) போடுங்க. இடது பக்கம் நம்ம ஆளு எந்த மாசம் எங்க இருந்தாருன்னு வரும், வலது பக்கம் ஃபுட்பால் ரூல்ஸ் எப்ப மாறுச்சுன்னு வரும். இந்த வலது காலத்தைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க, என்னைக் கேட்டா அதுதான் உயிரே. 1885 ஜூலைல இங்கிலாந்து எஃப்ஏ, அதாவது அங்க ஃபுட்பாலை நடத்தற சங்கம், காசு வாங்கி ஆடலாம்னு ஒத்துக்குது, 1888ல ஃபுட்பால் லீக் ஆரம்பம், 1893ல கான்ட்ராக்ட் முடிஞ்சாலும் பிளேயரை கிளப் தன்கிட்டயே பிடிச்சு வெச்சுக்கலாம்னு ஒரு ரூல், 1894ல தெற்கு பக்கம் சதர்ன் லீக், 1901ல வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல யாருக்கும் சம்பளம் கிடையாதுன்னு உச்ச வரம்பு, 1915லருந்து 1919 வரைக்கும் போர்னால லீக் நிறுத்தம், 1925ல ஆஃப்சைடு மாத்தம். இவ்வளவு போட்டா ஆரம்பத்துக்கு போதும். சாப்மன் எடுத்த ஒவ்வொரு பெரிய முடிவுக்கும் பக்கத்து காலத்துல ஒரு ரூல் உக்காந்திருக்கும், நீங்களே பாப்பீங்க.

அடுத்தது ஆளை உறுதி பண்றது. இதுலதான் பாதி பேரு வழுக்கி விழறாங்க. அந்த காலத்து பேப்பர்ல பிளேயரோட முழு பேர் வராது, சர்நேம் மட்டும் வரும், மிஞ்சிப்போனா ஒரு இனிஷியல். நம்ம ஊர்ல எஸ். முருகன்னு தேடினா என்ன கதியோ அதே கதிதான். சாப்மன் விஷயத்துல இன்னும் மோசம், ஏன்னா ஹெர்பர்ட்டுக்கு ஒரு தம்பி, பேரு ஹாரி, அவரும் எச். சாப்மன், அவரும் அதே கிவிட்டன் பார்க் சுரங்க ஊர்க்காரர், அவரும் ஃபார்வர்டு. 1902-03 சீசன்ல அண்ணன் ஷெஃபீல்டு யுனைடெட்ல, தம்பி அதே ஊர்ல இருக்கற வெட்னஸ்டே கிளப்ல. அப்ப பிளேயரா ஜெயிச்சது தம்பிதான், 1903லயும் 1904லயும் லீக், 1907ல எஃப்ஏ கப். அதோட முடியல, ஹாரி 1913-14ல ஹல் சிட்டிக்கு மேனேஜரா வேற இருந்தாரு, அதே நேரத்துல ஹெர்பர்ட் லீட்ஸ் சிட்டி மேனேஜர். ஆக ரெண்டு எச். சாப்மன், ரெண்டு பேரும் யார்க்‌ஷைர்ல மேனேஜர். பேரை மட்டும் போட்டு தேடி கிடைச்சதையெல்லாம் ஒரே ஆளு கணக்குல சேத்தா ஷெஃபீல்டு யுனைடெட்காரருக்கு வெட்னஸ்டேவோட மெடலை மாட்டி விட்டுடுவோம். ஹாரி 1916லயே இறந்துட்டாரு, அதுக்கு அப்புறம் குழப்பம் தானா தீருது.

இதை பிரிக்க வழி என்னன்னா பிறந்த தேதியும் ஊரும்தான். ஹெர்பர்ட் 1878 ஜனவரி 19, ஷெஃபீல்டு பக்கத்துல கிவிட்டன் பார்க், அப்பா நிலக்கரி சுரங்கத்துல வேலை. இங்கிலாந்து பிறப்பு பதிவு இன்டெக்ஸ் ஃப்ரீபிஎம்டி சைட்ல காசு இல்லாமலே தேடலாம், மூணு மாசத்துக்கு ஒரு கட்டா பிரிச்சு வெச்சிருப்பாங்க, ஜனவரி பிறப்புன்னா மார்ச் காலாண்டுல பாக்கணும், பெத்தவங்க லேட்டா பதிஞ்சிருந்தா ஜூன் காலாண்டுலயும் ஒரு கண்ணு போடுங்க. சென்சஸ் பத்து வருஷத்துக்கு ஒண்ணு, 1881லருந்து 1921 வரைக்கும் தேடறதுக்கு இருக்கு, 1921தான் 2022ல வெளிய விட்டாங்க. 1931 சென்சஸை தேடி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க, இங்கிலாந்து, வேல்ஸ் தாள் மொத்தமும் 1942ல தீயில போயிடுச்சு.

கிளப் பேர்லயும் பொறி இருக்கு. இன்னைக்கு ஷெஃபீல்டு வெட்னஸ்டேன்னு சொல்றது 1929 வரைக்கும் வெறும் 'தி வெட்னஸ்டே'. நியூட்டன் ஹீத் 1902லதான் மான்செஸ்டர் யுனைடெட் ஆச்சு, ஸ்மால் ஹீத் 1905ல பர்மிங்காம். லீட்ஸ் சிட்டியும் லீட்ஸ் யுனைடெட்டும் ரெண்டு வேற கிளப், ஒண்ணு செத்த அப்புறம்தான் இன்னொண்ணு பொறந்துச்சு, அது சாப்மன் கதைலயே வருது.

சரி, பிளேயர் காலம். பெரிய புள்ளிவிவர சைட் பலதுலயும் ஃபுட்பால் லீக் மேட்ச் மட்டும்தான் எண்ணுவாங்க. அதை மட்டும் பாத்தா சாப்மன் கிரிம்ஸ்பில கொஞ்சம், ஷெஃபீல்டு யுனைடெட்ல ஒரு சீசன், நாட்ஸ் கவுன்டில கொஞ்சம், அவ்ளோதான். ஆனா ஸ்விண்டன், நார்தாம்டன், டாட்டன்ஹாம் எல்லாம் அப்ப சதர்ன் லீக்ல இருந்த கிளப்புங்க, டாட்டன்ஹாம் 1908லதான் ஃபுட்பால் லீக்குக்கு வந்துச்சு, சாப்மன் அங்க ஆடினது 1905லருந்து 1907 வரைக்கும். அதனால அவரோட டாட்டன்ஹாம் கோல் எதுவுமே லீக் கணக்குல வராது. ஆளு ஆடவே இல்லைன்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி ஆர்எஸ்எஸ்எஸ்எஃப்ன்ற ஃபுட்பால் புள்ளிவிவர சைட்ல சதர்ன் லீக் டேபிளை எடுத்து பக்கத்துல வைங்க, அப்புறம் பேப்பர்ல மேட்ச் ரிப்போர்ட் தேடுங்க.

பேப்பர்னா பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ். காசு கட்டற சைட்தான், ஆனா தேடினா வர்ற துண்டு வரி சும்மாவே தெரியும், பாதி நேரம் அதுவே போதும். சாப்மன்னு மட்டும் அடிச்சா ஊர்ல இருக்கற வக்கீல், கசாப்புக்கடைக்காரன் எல்லாம் வருவாங்க, அதனால கூட ஆடின ரெண்டு பேரோட சர்நேமையும் சேத்து அடிங்க, டீம் லிஸ்ட்டே நேரா வந்து நிக்கும். மெஷின் படிச்ச எழுத்து பழைய அச்சுல தப்பு தப்பா இருக்கும், ஒரு எழுத்து மாத்தி மாத்தி தேடணும். மான்செஸ்டர்லருந்து வந்த அத்லெடிக் நியூஸ் வாரப் பத்திரிகையை கண்டிப்பா பாருங்க, அந்த காலத்து ஃபுட்பால்காரங்க எல்லாரும் படிச்ச பேப்பர் அது.

டீம் லிஸ்ட் படிக்க ஒரு சின்ன விஷயம் தெரிஞ்சா போதும், ஆளு எந்த இடத்துல ஆடினாருன்னு தனியா யாரும் எழுதலைன்னாலும் கண்டுபிடிச்சிடலாம். 11 பேரும் ஒரே வரிசைலதான் அச்சாவாங்க: முதல்ல கோல்கீப்பர், அப்புறம் ரெண்டு பேக், மூணு ஹாஃப்பேக், கடைசியா அஞ்சு ஃபார்வர்டு, எல்லாமே வலதுலருந்து இடது. அஞ்சு ஃபார்வர்டுல ரெண்டாவது பேர்னா இன்சைடு ரைட், அஞ்சாவது பேர்னா இடது விங்கர். ஒரு சீசன் முழுக்க இதை குறிச்சு வெச்சா ஆளு எப்ப இடம் மாறினாரு, எப்ப டீம்லருந்து தூக்கினாங்கன்னு படம் மாதிரி தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை, மூணு ஹாஃப்பேக்ல நடுவுல இருக்கறவரை சென்டர் ஹாஃப்னு சொல்வாங்க, 1925க்கு முன்னாடி அவரு ஏறி ஆடற மிட்ஃபீல்டர், அப்புறம்தான் பின்னாடி நிக்கற டிஃபென்டர்.

இப்ப காசு பக்கம். ஏன் இவரு இத்தனை கிளப் மாறினாருன்னு இடது காலத்தை மட்டும் பாத்தா நிலையில்லாத ஆளு மாதிரி தெரியும். சாப்மன் ஷெஃபீல்டுல மைனிங் இன்ஜினியரிங் படிச்சவரு, ஆரம்பத்துல அமெச்சூரா ஆடினாரு, அமெச்சூர்னா கிளப் சம்பளம் தராது, கிளப் மாறற ஊர்லயெல்லாம் வேலையும் தேடணும், வேலை கிடைக்கலைன்னா அடுத்த ஊர். 1901ல நார்தாம்டன்ல புரொஃபஷனல் ஆனாரு, அடுத்த வருஷமே ஷெஃபீல்டு யுனைடெட்ல திரும்ப அமெச்சூர், அப்புறம் நாட்ஸ் கவுன்டில திரும்ப புரொஃபஷனல். வாரம் 4 பவுண்டு உச்ச வரம்புன்னா அதுவும் டாப் ஆளுக்குத்தான், இன்ஜினியர் படிப்பு இருக்கறவனுக்கு ஃபுட்பால் மட்டும் நம்பி வாழ என்ன அவசியம்? அதனால ஷீட்ல ஒவ்வொரு கிளப்புக்கு பக்கத்துலயும் அமெச்சூரா புரொஃபஷனலான்னு ஒரு கட்டம் போடுங்க. டாட்டன்ஹாம்ல மஞ்சள் கலர் ஷூ போட்டு ஆடினாருன்னு எல்லா இடத்துலயும் எழுதுவாங்க, ஜாலியா இருக்கு, ஆனா அமெச்சூர் கட்டம்தான் அதைவிட நிறைய சொல்லுது.

பிளேயர் எப்படி மேனேஜர் ஆனாருன்ற இடத்துல நின்னு நிதானமா தேடணும். 1907ல நார்தாம்டன் மொதல்ல பேசினது டாட்டன்ஹாம்ல கூட ஆடின வால்டர் புல்கிட்ட, அவரு மனசு மாறி சாப்மன் பேரை சொல்லிவிட்டாரு. பிளேயர் மேனேஜர் வேலை, டீம் அதுக்கு முந்தின ரெண்டு சீசனும் சதர்ன் லீக்ல கடைசி இடம். 1909ல அதே டீம் சாம்பியன். நடுவுல என்ன நடந்துச்சுன்னா ஹாஃப்பேக்குங்களை கொஞ்சம் பின்னாடி இழுத்து எதிராளியை முன்னாடி வர விட்டு, காலியான இடத்துல வேகமா பாய்றது. பின்னாடி ஆர்சனல்ல உலகமே பேசின ஆட்டத்தோட விதை இங்கதான் இருக்கு, இதை யாரும் பாக்கறதில்ல ஏன்னா சதர்ன் லீக் கணக்கு பெரிய சைட்டுங்க லிஸ்ட்ல வராது.

மேனேஜர்ன்ற வார்த்தையை அந்த காலத்துல பாத்தா உடனே இன்னைக்கு அர்த்தம் போட்டுக்காதீங்க. பல கிளப்ல செக்ரட்டரி மேனேஜர்னு ஒரு பதவி, கடிதம் எழுதறது, ரயில் டிக்கெட் போடறது, கேட் வசூல் எண்றது அவர் வேலை, டீம் செலக்‌ஷன் டைரக்டருங்க கையில. கிளப் சைட்டுங்க இன்னைக்கு போடற மேனேஜர் லிஸ்ட்ல ஆரம்பத்துல இருக்கற நாலஞ்சு பேரு இப்படித்தான் இருப்பாங்க. நம்ம ஆளு நிஜமாவே டீம் பிக் பண்ணாரான்னு பேப்பர்ல தேடி உறுதி பண்ணிட்டு மேனேஜர்னு எழுதுங்க.

போர் வருஷம்தான் ரொம்ப இருட்டு. 1915லருந்து 1919 வரைக்கும் ரீஜினல் மேட்ச்தான், அதை அதிகாரபூர்வ கணக்குல சேக்க மாட்டாங்க, பிளேயருங்க எந்த ஊர்ல இருக்காங்களோ அந்த கிளப்புக்கு கெஸ்ட்டா ஆடுவாங்க. சாப்மன் 1912ல லீட்ஸ் சிட்டிக்கு வந்து, ரெண்டாவது டிவிஷன்ல கீழ கிடந்ததை 1914ல நாலாவது இடத்துக்கு கொண்டு வந்தாரு, போர் வந்துடுச்சு, 1916ல லீட்ஸ் பக்கம் பார்ன்பவ்ன்ற குண்டு ஃபேக்டரில மேனேஜர் வேலைக்கு போயிட்டாரு. அந்த நேரத்துல கிளப் பிளேயருங்களுக்கு ரூலை மீறி காசு கொடுத்துச்சுன்னு 1919ல புகார், கணக்கு புத்தகத்தை காட்டுன்னு லீக் கேட்டப்ப டைரக்டருங்க காட்ட மாட்டேன்னுட்டாங்க, அக்டோபர்ல கிளப்பையே லீக்லருந்து தூக்கிட்டாங்க. 1919 அக்டோபர் 17ம் தேதி லீட்ஸ் மெட்ரோபோல் ஹோட்டல்ல பிளேயருங்களை ஏலம் விட்டாங்க, ஆமா, ஏலம்தான். சாப்மனுக்கும் தடை. அவரு அதுக்குள்ள கிளப் வேலையை விட்டுட்டு செல்பில ஒரு எண்ணெய் ஆலைல உக்காந்திருந்தாரு.

இங்க தேடறவங்களுக்கு ஒரு பாடம் இருக்கு. 1919-20 ரெண்டாவது டிவிஷன் டேபிள்ல லீட்ஸ் சிட்டியை தேடினா கிடைக்காது, அவங்க ஆடின 8 மேட்சோட ரிசல்ட்டை போர்ட் வேல் கணக்குல ஏத்தி, மிச்ச மேட்ச்சை போர்ட் வேல் ஆடுச்சு. டேபிள்ல ஒரு கிளப் காணோம்னா ஏதோ கேஸ் இருக்குன்னு அர்த்தம், உடனே அந்த மாச பேப்பரை எடுங்க. தடை எப்படி நீங்குச்சுன்னும் தேதி வெச்சுத்தான் புரியும்: ஹடர்ஸ்ஃபீல்டு கிளப் அவருக்கு பக்கத்துல நின்னுச்சு, தப்பு நடந்தப்ப இவரு ஃபேக்டரில இருந்தாருன்ற வாதம் எடுபட்டுச்சு, 1921 ஆரம்பத்துல அசிஸ்டன்ட்டா உள்ள வந்து அதே வருஷம் மார்ச்லயே மேனேஜர். அவருக்கு நிஜமாவே எதுவும் தெரியாதான்றது வேற கேள்வி. ரெண்டு பக்கமும் எழுதி வைங்க, தீர்ப்பு சொல்ற அவசரம் வேணாம்.

ஹடர்ஸ்ஃபீல்டு காலம் தேட ரொம்ப ஈஸி, எல்லாமே லீக் கணக்குல இருக்கு: 1922 எஃப்ஏ கப், 1924 லீக், 1925 லீக், 1926ல அவரு போன அப்புறமும் அதே டீம் மூணாவது தடவை. இங்கயும் வலது காலத்தை மறக்காதீங்க. 1924ல ஹடர்ஸ்ஃபீல்டும் கார்டிஃபும் 57 பாயின்ட், சமம். ஹடர்ஸ்ஃபீல்டு அடிச்சது 60 வாங்கினது 33, கார்டிஃப் 61க்கு 34. அப்ப கோல் ஆவரேஜ்தான் ரூல், அடிச்சதை வாங்கினதால வகுக்கணும், 1.818க்கு 1.794, சாப்மனுக்கு லீக். இன்னைக்கு ரூல்படி போனா ரெண்டுக்கும் வித்தியாசம் 27தான், அப்புறம் நிறைய கோல் அடிச்சது யாருன்னு பாப்பாங்க, கார்டிஃப் சாம்பியன்! கார்டிஃப் கடைசி மேட்ச்ல ஒரு பெனால்டி மிஸ் பண்ணி 0-0ல முடிச்சாங்க, அவங்க ஊர்ல இன்னும் புலம்புவாங்கன்னு நினைக்கிறேன். பழைய டேபிளை படிக்கறப்ப அந்த வருஷ ரூல் என்னன்னு பாக்காம யாரு பெரியாள்னு பேசினா இப்படித்தான் சிக்கிக்குவோம்.

1925 ஜூன்ல ஒரே நேரத்துல ரெண்டு நடக்குது, சாப்மன் ஆர்சனலுக்கு போறாரு, ஆஃப்சைடு ரூல் மாறுது. அதுக்கு முன்னாடி பந்து வாங்கறவனுக்கும் கோல் லைனுக்கும் நடுவுல மூணு எதிராளி இருக்கணும், இப்ப ரெண்டு போதும். ஃபுட்பால் லீக் மொத்த கோல் ஒரு சீசன்ல 4,700லருந்து 6,373க்கு எகிறுச்சு. அக்டோபர் 3ல நியூகாசில்ல ஆர்சனல் 7-0 அடி வாங்குது, அங்க ஆர்சனல் பிளேயர் சார்லி பக்கன் சென்டர் ஹாஃபை பின்னாடி இழுங்கன்னு வாதாடறாரு, சாப்மன் ஒத்துக்கறாரு, ரெண்டே நாள்ல வெஸ்ட் ஹாமை 4-0 ஜெயிக்கறாங்க. இதான் டபிள்யூ எம் ஆட்டத்தோட (ஆளுங்க நிக்கற விதம் W, M எழுத்து மாதிரி இருக்கும்) ஆரம்பம்னு சொல்வாங்க. சாப்மன் கண்டுபிடிச்சாருன்னு ஒத்த வரில எழுதிடாதீங்க, யோசனை பக்கனோடது, வேற சில கிளப்பும் அதே மாதிரி முயற்சி பண்ணிட்டுதான் இருந்தாங்க, அதை வருஷக்கணக்கா உக்காந்து அதுக்கேத்த ஆளுங்களை வாங்கி முழு மெஷினா ஆக்கினது சாப்மன். ராபர்ட்ஸ், ஹேப்குட், ஜாக், ஜேம்ஸ், பாஸ்டின்னு ஒவ்வொருத்தர் வந்த தேதியையும் ஷீட்ல போட்டா அஞ்சு வருஷ திட்டம் கண்ணுக்கு தெரியும்.

டிரான்ஸ்ஃபர் தொகை எழுதறப்ப கவனம். பக்கனை சண்டர்லாண்டுகிட்டருந்து வாங்கினது 2,000 பவுண்டு, முதல் சீசன்ல அடிக்கற ஒவ்வொரு கோலுக்கும் 100 பவுண்டு, அவரு 21 அடிச்சாரு, மொத்தம் 4,100, இது தெளிவா இருக்கு. டேவிட் ஜாக்கை 1928ல போல்டன்கிட்டருந்து வாங்கினதுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு தொகை சொல்வாங்க, எல்லாமே 10,000க்கு மேல, அதனால 10,000 பவுண்டை தாண்டின முதல் டிரான்ஸ்ஃபர்னு எழுதி விட்டுட்டு போங்க. அந்த பேரத்துல சாப்மன் போல்டன்காரங்களுக்கு நல்லா ஊத்திக் கொடுத்து தான் மட்டும் மது கலக்காத கிளாஸை குடிச்சாருன்னு ஒரு கதை இருக்கு, அவர் ஆபீஸ்ல வேலை பாத்த பாப் வால் பல வருஷம் கழிச்சு சொன்னது. அருமையான கதை, விட மனசு வராது, ஆனா யாரு எப்ப சொன்னதுன்னு பக்கத்துல போடாம சேக்காதீங்க.

அவரு செஞ்ச மத்த புதுமைகளுக்கும் தேதி தேடி ஒட்டுங்க, இல்லன்னா எல்லாத்தையும் அவர் தலைல கட்டிடுவாங்க. 1928 ஆகஸ்ட் 25ல முதுகுல நம்பர் போட்டு இறங்கினாங்க, அதே நாள் செல்சியும் போட்டுச்சு, லீக் ஒத்துக்கிட்டது 1939லதான். கிரவுண்டு பக்கத்துல இருந்த கில்லெஸ்பி ரோடு ரயில் ஸ்டேஷன் பேர் ஆர்சனல்னு மாறினது 1932, வெள்ளை கை வெச்ச சட்டை 1933 மார்ச். தோத்ததையும் போடுங்க, 1933 ஜனவரில மூணாவது டிவிஷன் வால்சால்கிட்ட கப்ல 2-0 உதை, அந்த மேட்ச்ல சொதப்பின டாமி பிளாக்கை ஒரு வாரத்துல பிளிமத்துக்கு தள்ளி விட்டாரு, ஆளு எவ்ளோ கறார்னு இது ஒண்ணே சொல்லிடும்.

1934 ஜனவரி 6ம் தேதி நிமோனியால இறந்துட்டாரு, வயசு 55, ஜலதோஷத்தோட அந்த வாரம் கில்ட்ஃபோர்டுல மூணாவது டீம் மேட்ச்சை பாக்கப் போயிருந்தாரு. அந்த சீசன் லீக்கும் அடுத்த சீசன் லீக்கும் ஆர்சனலுக்கே, பாதில இறந்த சீசனை யாரு கணக்குல எழுதறதுன்னு ஒவ்வொரு சைட்லயும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், சாப்மனுக்கு அப்புறம் டீமை ஜோ ஷா பாத்துக்கிட்டாரு, அவருக்கு அப்புறம் ஜார்ஜ் அலிசன். நீங்க கணக்கை தேதில வெட்டிடுங்க, அதுவரைக்கும் ஆடின மேட்ச் இவருக்கு, அதுக்கு மேல அவங்களுக்கு.

சாப்மன் பழகினதும் கொஞ்சம் கஷ்டமான ஆளை எடுங்க. ஸ்டீவ் ப்ளூமர் டெர்பி, இங்கிலாந்து ஸ்டார், 1914ல கோச்சிங் வேலைக்கு பெர்லின் போய் போர்ல மாட்டி ரூலேபென் கேம்ப்ல அடைபட்டு, 1924ல ஸ்பெயின்ல ரியல் யூனியனுக்கு கப் வாங்கிக் கொடுத்தவரு. ஜிம்மி ஹோகன் பர்ன்லி, ஃபுல்ஹாம், போல்டன்ல ஆடிட்டு புடாபெஸ்ட்ல எம்டிகே டீமை வளத்தவரு. இவங்களுக்கு பிரிட்டிஷ் பேப்பர் பத்தாது, ஸ்பெயினோட முண்டோ டெபோர்டிவோ பழைய இதழ்களும் ஆஸ்திரியா தேசிய நூலகத்தோட அன்னோ சைட்டும் நெட்லயே படிக்கலாம், மொழி தெரியலைன்னா டிரான்ஸ்லேட் ஆப்ல போட்டு ஓட்டுங்க, பேரை மட்டும் அந்த ஊர்க்காரங்க எப்படி எழுத்துக்கூட்டி அச்சடிச்சாங்களோ அப்படியே தேடணும், ஏன்னா இங்கிலீஷ் பேரை அவங்க இஷ்டத்துக்கு மாத்தி எழுதியிருப்பாங்க.